வாத்தியக் கடை தொடங்க முன்னர்

மீள்குடியேறிய குடும்பங்களிடமிருந்து வரும் வாழ்வாதார உதவி விண்ணப்பங்களில் ஆடு வளர்ப்பு, தையல், பலசரக்குக் கடை, மீன்பிடி வலை என்பவைதான் பெரும்பாலும் இருக்கும். எப்போதாவது வேறுமாதிரியான ஒன்று வரும்: ‘இசைக்கருவி விற்பனை நிலையம்’. எழுதியவர் தவில்காரர் ஒருவரின் மகனாக இருப்பார். அல்லது இடம்பெயர முன்னர் வீட்டு விறாந்தையில் வயலின் வகுப்பு நடத்திய ஆசிரியையாக இருப்பார். இந்த நேரத்தில் இதெல்லாம் தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. தேவைதான். ஊர் திரும்பிய சனங்கள் கூரை போட்ட கையோடு கோயிலைத் துப்புரவு செய்கிறார்கள். பூசை தொடங்கினால் மேளம் வேண்டும். பாடசாலை திறந்தால் சங்கீத பாடம் வரும். தேவாலயத்தில் நத்தார் வந்தால் ஆர்மோனியம் தேடுவார்கள். இந்தக் கருவிகளில் பெரும்பகுதி இடப்பெயர்வில் கைவிடப்பட்டு, உடைந்து, மழையில் ஊறி அழிந்துபோனவை.

ஆகவே தேவை இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் கடை பெரும்பாலும் தவறான கடை. கண்ணாடி அலுமாரி, வீதியோரத்தில் ஒரு அறை, சுவரிலே வீணையும் கிற்றாரும் என்று யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பார்த்த கடையை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மன்னாரிலோ ஒரு குடும்பம் தன் கையிருப்பைப் போட்டு நடத்தக்கூடிய கடை அதுவல்ல.

இந்தப் பாடத்தைக் குடும்பத்தில் உள்ள பெரியவர்கள் கூடியிருந்து வாசியுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும்.

அலுமாரிக்குள் உறங்கும் காசு

ஒரு குடும்பத்திடம் 3 இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி உதவித்தொகை, பாதி நகையை ஈடு வைத்து எடுத்த கடன். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. இவற்றை விலைப்பட்டியலாக எடுக்க வேண்டாம்.

அறை வாடகை மாதம் 10,000 ரூபா. ஆறு மாத முற்பணமாக 60,000. அலுமாரி, பெயர்ப்பலகை, மின்சார வேலைக்கு 70,000. மிச்சம் 170,000. அதில் ஒரு வீணை 60,000, இரண்டு வயலின் 30,000, இரண்டு மிருதங்கம் 40,000, ஒரு ஆர்மோனியம் 25,000, தந்திகளும் சில்லறைப் பொருட்களும் 15,000. காசு முடிந்துவிட்டது. கடை அழகாக இருக்கிறது. திறப்பு விழாவுக்குப் பிரதேச செயலாளரும் வந்து போகிறார்.

இப்போது மாதச் செலவைப் பாருங்கள். வாடகை 10,000, மின்சாரம் 1,500, கடன் தவணை 9,000. மொத்தம் 20,500. முற்பணம் கட்டியாயிற்றே என்று வாடகையைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஏழாம் மாதம் அது திரும்ப வரும். ஒரு வயலினை விற்றால் 3,000 ரூபா மிஞ்சும் என்றால், கடைக் கதவைத் திறந்து வைத்திருப்பதற்கே மாதம் ஏழு வயலின் விற்க வேண்டும். வீட்டுச் சாப்பாடு இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. உங்கள் பிரதேசத்தில் ஒரு மாதத்தில் எத்தனை பிள்ளைகள் புதிதாக வயலின் பழகத் தொடங்குகிறார்கள்? ஏழு பேர் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

அரிசிக்கும் சீனிக்கும் இல்லாத ஒரு குணம் இசைக்கருவிக்கு உண்டு. அரிசி இந்தக் கிழமை விற்கும், அடுத்த கிழமையும் அதே ஆள் வந்து வாங்குவார். வீணை வாங்கியவர் திரும்ப வீணை வாங்க வருவதில்லை. அது அவருடைய மகளுக்கும் உதவும். 60,000 ரூபா பெறுமதியான வீணை ஒரு வருடம் சுவரில் தொங்கினால், அந்த வருடம் முழுவதும் அந்தக் காசுக்கு நகைக்கடைக்காரர் உங்களிடம் வட்டி வாங்குகிறார். விற்கும் நாளில் கிடைக்கும் இலாபம் வட்டிக்கே போதாமலும் போகலாம்.

பொருளை விட வேலை முதலில்

திரும்ப வருகிறவர் யார் என்று பார்த்தால் வழி தெரியும். மிருதங்கம் வாங்கியவர் மிருதங்கம் வாங்க வரமாட்டார். ஆனால் அதன் வலந்தலையை மாற்ற வருவார். வயலின் வாங்கியவருக்கு முதலாம் தந்தி அறுந்துகொண்டே இருக்கும். நாதஸ்வரக்காரருக்குச் சீவாளி ஒன்றல்ல, கொத்தாக வேண்டும். அதுவும் தேய்ந்து, வெடித்துப் போகும். தவில்காரருக்கு விரல் கூடு, கழி, தோல், வார் என்று வேலை ஓயாது. வாத்தியக் கடையின் சோறு இந்தச் சில்லறை வேலைகளிலும் சில்லறைப் பொருட்களிலும்தான் இருக்கிறது. சுவரில் தொங்கும் கருவி ஆட்களை உள்ளே கூப்பிடும், அவ்வளவுதான்.

அதே 3 இலட்சத்தை வேறு மாதிரிப் பிரிப்போம். வேலைக் கருவிகளுக்கு 25,000. தோல், வார், கரணைத் தூள், தந்தி, சீவாளி, வில்லுக்குப் பூசும் றொசின் முதலியவற்றுக்கு 50,000. விற்பனைக்கு ஓரிரு கருவிகள் 60,000. மொத்தம் 135,000. இடம் வீட்டு விறாந்தை. உதவித்தொகையாகக் கிடைத்த பாதியே இதற்குப் போதும், கடன் எடுக்கவே தேவையில்லை; நகை வீட்டில் இருக்கலாம். ஒரு வலந்தலை மாற்றிக் கட்ட 4,000 ரூபா வாங்கி, பொருளுக்கு 1,800 போனால் கையில் 2,200. மாதம் ஆறு வேலை வந்தால் 13,200. தந்தியும் சில்லறையும் முப்பது தடவை விற்று, தடவைக்கு 200 ரூபா மிஞ்சினால் 6,000. இரண்டும் சேர்ந்து 19,200. இது பெரிய வருமானமில்லை. ஆனால் வாடகை இல்லை, ஈட்டு வட்டி இல்லை. வேலை இல்லாத மாதத்தில் கடை உங்களைத் தின்னாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் ஒருவருக்காவது கைவேலை தெரிந்திருக்க வேண்டும். மிருதங்கம் கட்டுவது ஒரு மாதப் பயிற்சியில் வருவதல்ல. பலாமரக் கட்டைக்குத் தோலை அளந்து வெட்டி, வாரை இறுக்கி, வலந்தலையின் நடுவில் கரணை போட வேண்டும். கரணையைச் சிலர் சோறு என்றும் சொல்வார்கள். கல்லை அரைத்த கருந்தூளைச் சோற்றுடன் பிசைந்து, மெல்லிய படையாகப் பூசி, கல்லால் தேய்த்துக் காயவைத்து, அதன்மேல் அடுத்த படை. அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் ஒரு மாதத்தில் பெயரும். பெயர்ந்த செய்தி ஊர் முழுக்கப் போகும். வாசிக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் கட்டத் தெரியும் என்று நினைக்கக் கூடாது. இணுவில், அளவெட்டிப் பக்கத்தில் தலைமுறைகளாக நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர் இணுவில். அங்கே உள்ளவர்களிடம் கேட்டால், கட்டுவது வேறு வித்தை என்று சொல்வார்கள். கைவேலை தெரியாத குடும்பம் தெரிந்த ஒருவரைப் பங்காளியாகச் சேர்க்கலாம். அல்லது பிள்ளையை ஒரு பட்டறையில் வேலை பழக விட்டு, அதுவரை தந்தி, சீவாளி விற்பனையோடு நிற்கலாம்.

தோல் வேலை என்றதும் முகம் சுளிக்கிற பழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. மகனுக்கு இந்த வேலை வேண்டாம், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று தகப்பன்மாரே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கோயில் வீதியில் தவிலைக் கேட்டுத் தலையாட்டும் ஊர், அந்தத் தவிலைக் கட்டியவரை வாசலில் நிற்க வைத்துப் பேசுவது வெட்கக்கேடு. இளைஞர்கள் இந்தத் தொழிலை விட்டு விலகியதற்கு யுத்தம் மட்டும் காரணமல்ல. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆட்கள் குறைவாக உள்ள தொழிலில் நல்ல கைக்கு வேலை கிடைக்கும். கிளிநொச்சியிலிருந்து ஒருவர் மிருதங்கம் கட்டுவிக்க யாழ்ப்பாணம் போவதென்றால் 60 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல். கருவியைக் கொண்டுபோக ஒரு நாள், எடுத்துவர இன்னொரு நாள். அந்த இரண்டு நாளும் பேருந்துக் காசும்தான் உங்கள் கடையின் பலம்.

வீட்டில் தையல் இயந்திரம் இருந்தால் கருவிகளுக்கு உறை தைக்கலாம். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் வயலினுக்கும் உறை வேண்டும். தையல் பயிற்சி பெற்ற பெண்கள் பலர் பாடசாலைச் சீருடையோடு நின்றுவிடுகிறார்கள். உறைத் துணியும் தடித்த நூலும் தைக்கக்கூடிய ஊசியை மாற்றிப் போட்டால் இந்த வேலையும் செய்யலாம்.

எத்தனை கட்டை? எவ்வளவு உயரம்?

விற்பனைக்கு ஓரிரு கருவி வைத்திருக்கலாம் என்றோம். எதை வைப்பது என்பதில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். மிருதங்கம் எல்லாம் ஒன்றல்ல. ஏறக்குறைய 22 அங்குலக் கட்டை உயர்ந்த சுருதிக்கும் 24 அங்குலக் கட்டை தாழ்ந்த சுருதிக்கும் பொருந்தும். பெண்பிள்ளைகளின் பாட்டுக்கு வாசிப்பவர் ஐந்து கட்டை கேட்பார். ஆண்குரலுக்கு வாசிப்பவர் ஒன்று, ஒன்றரை கேட்பார். இரண்டையும் ஒரே கருவியில் இறுக்கியும் தளர்த்தியும் சமாளிக்க முடியாது. தெரியாமல் இரண்டு பெரிய மிருதங்கம் வாங்கி வைத்தால், வருகிற மாணவர் எல்லோரும் சிறியதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். வயலினிலும் அப்படித்தான். பெரியவர்களுக்கான முழு அளவு இருக்கிறது, பிள்ளைகளுக்கு முக்கால், அரை என்று சிறிய அளவுகள் இருக்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்கு முழு அளவு வயலினைக் கொடுத்து, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விற்பது சட்டையைப் பெரிதாக எடுப்பது போலல்ல. விரல் எட்டாது, தோள் நோகும். பிள்ளை மூன்று மாதத்தில் வகுப்பை விட்டுவிடும். அதோடு தந்தி வாங்க வரும் ஒரு வாடிக்கையாளரும் போய்விடுகிறார்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. உங்கள் பகுதியில் சங்கீதம் படிப்பிக்கும் ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள். எந்த அளவு, எந்தச் சுருதி, எத்தனை பேருக்கு என்று அவர்களுக்குத் தெரியும். முற்பணம் வாங்கிக்கொண்டு கேட்ட பொருளை மட்டும் எடுப்பித்துக் கொடுங்கள். சில ஆசிரியர்கள் தங்கள் மாணவரை அனுப்புவதற்குத் தரகு எதிர்பார்ப்பார்கள். கொடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. கொடுத்தால் அந்தத் தொகையைக் கணக்கில் எழுதுங்கள்; மாணவரின் விலையில் மறைத்து ஏற்றாதீர்கள்.

சுருதிப்பெட்டி பற்றி ஒரு வார்த்தை. ஒருகாலத்தில் இது நன்றாக ஓடிய பொருள். இப்போது கைத்தொலைபேசியிலேயே சுருதி கேட்கிறது. ஒன்றுக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம்.

வருடத்தில் எப்போது ஆள் வரும்

கடைக்கு எல்லா மாதமும் ஒன்றல்ல. பங்குனி தொடக்கம் ஆவணி வரை கோயில்கள் பலவற்றில் கொடியேற்றமும் திருவிழாவும் இருக்கும். தவில், நாதஸ்வர வேலை அதற்கு முந்திய வாரங்களில் குவியும். நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கும் காலத்தில் நல்ல கலைஞர்கள் யாழ்ப்பாணத்தில் இருப்பார்கள். அவர்களைச் சந்தித்து சீவாளி, தோல் பற்றிக் கேட்க அது நல்ல நேரம். விஜயதசமி அன்று பிள்ளைகள் புதிதாகப் பழகத் தொடங்குவார்கள். வருடத்தில் கருவி விற்க ஒரு கிழமை உண்டென்றால் அது அதற்கு முந்திய கிழமை. கார்த்திகை கழிந்தால் தேவாலயங்களில் நத்தார்ப் பாட்டுப் பயிற்சி. தை, மாசியில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி. பாண்ட் வாத்தியக் குழுவின் மேளத் தோல்கள் அப்போதுதான் கிழிந்திருப்பது தெரியவரும். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் தந்தியும் திருத்தமும் தேடி வருவார்கள். காத்தவராயன் கூத்துப் பழகும் ஊர்களில் உடுக்கும் ஆர்மோனியமும் வாடகைக்குப் போகும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மேளக்காரரின் கையில் காசும் இல்லை. அந்த மாதங்களில் பழைய கடனைக் கேட்டுப் போவதில் பலனில்லை. தவணை கட்ட வேண்டிய கடனை எடுக்கும்போது இந்த இறங்கு மாதங்களை வங்கி உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தகரக் கூரையும் மாரி மழையும்

தற்காலிக வீட்டில் இருந்துகொண்டு கருவி வைத்திருப்பது பெரிய சோதனை. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த மெழுகு இளகும்; மெட்டு அசையும்; சுரம் போய்விடும். வயலினின் ஒட்டுகள் சூட்டில் விடும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் தோல் நனைந்து தளரும், பூஞ்சணம் பிடிக்கும். கரையோரக் கிராமங்களில் உப்புக் காற்றில் இரும்புத் தந்தி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். கறையான் கட்டையைத் தின்னும், எலி தோலைத் தின்னும். கடைக்காரர் விற்கும் முன்னரே இவை எல்லாம் வாங்கிவிடுகின்றன.

வீட்டில் ஓலையால் வேய்ந்த பகுதி இருந்தால் கருவியை அங்கே வையுங்கள். தகரத்தின் கீழ் என்றால் உள்ளே ஒரு ஓலைத் தட்டி கட்டி, இடையில் காற்றுப் போக இடம் விடுங்கள். நிலத்தில் வைக்காமல், சுவரில் முட்டாமல், பலகைத் தட்டில் உயர்த்தி வையுங்கள். தந்திகளைச் சிறிய அளவில் வாங்கி, காற்றுப் புகாத போத்தலில் மூடி வையுங்கள். மழைக்காலத்தில் தோலை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைக்கும் பழக்கம் உண்டு. வெளிப்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கி வெடிக்கும். வெயில் வரும்வரை காத்திருங்கள். வாங்க வந்தவரிடமும் காத்திருக்கச் சொல்லுங்கள்.

பச்சைத் தோல் பதப்படுத்துவதானால் கிணற்றிலிருந்து தள்ளியே செய்ய வேண்டும். மணமும் ஈயும் அயலவரோடு சண்டையைக் கொண்டுவரும். தொடங்க முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். முறைப்பாடு வந்த பிறகு காட்டுவதை விட அது நல்லது.

பழைய கருவிகள், பழைய வீடுகள்

திரும்பி வந்தவர்கள் இடிந்த வீட்டுக்குள் மிருதங்கக் கட்டையையோ ஆர்மோனியத்தையோ தேடிப் போவதுண்டு. தோல் போயிருந்தாலும் பலாக் கட்டை நன்றாக இருந்தால் திரும்பக் கட்டலாம். அது உண்மையில் நல்ல மூலப்பொருள். ஆனால் கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத காணிக்குள் எந்தக் கருவிக்காகவும் போகாதீர்கள். தவில் வளையத்துக்கு உதவும் என்று வீதியோரத்தில் கிடக்கும் இரும்பு வளையத்தையோ குழாயையோ எடுக்கவும் வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடம் அல்லது கண்ணிவெடி அகற்றும் குழுவிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பழைய கருவி கொண்டுவந்தால் காசு தருவோம் என்று கடை வாசலில் எழுதினால், முதலில் தேடிப் போகிறவர்கள் பிள்ளைகள்தான். அப்படி எழுதாதீர்கள்.

பழைய கருவி வாங்கும்போது இன்னொன்று. இடப்பெயர்வில் கைவிட்ட வீடுகளிலிருந்து எத்தனையோ பொருட்கள் கைமாறிப் போயின. உங்களிடம் விற்க வருகிறவர் அதன் சொந்தக்காரரா என்பது உங்களுக்குத் தெரியாது. விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, தொகை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டே காசைக் கொடுங்கள். இதைச் செய்யாமல் வாங்கிய வயலினை ஒருநாள் ஒரு தாய் வந்து இது என் மகளுடையது என்றால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

திருத்தக் கொண்டுவரும் கருவி சிலவேளை உயிரோடு இல்லாத ஒருவருடையதாக இருக்கும். அதை விற்றுவிடுங்கள், புதிது தருகிறேன் என்று சொல்ல வேண்டாம். செலவுக்குக் கட்டுப்படியாகாத வேலையாக இருந்தாலும் அதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லி, முடிவை அவர்களிடம் விடுங்கள். வேலை முடியும்வரை அந்தக் கருவியை மற்றவற்றோடு குவித்து வைக்காதீர்கள்.

புதுக் கட்டை கடைவதற்குப் பலாமரம் தேவைப்பட்டால் உங்கள் சொந்தக் காணியில் நிற்கும் மரத்தையும் நினைத்தவுடன் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைப் பாதுகாக்கிறது. பிரதேச செயலகத்தில் அனுமதி எடுத்த பின்னரே தறிக்க வேண்டும்; மரத்தை வாகனத்தில் ஏற்றுவதற்கும் அனுமதி தேவை. தவில் கழிக்குப் பூவரசங்கொப்பு போதும். அது வேலியில் நிற்கும்.

இந்தியாவிலிருந்து வரும் பொருள்

நாதஸ்வரம் என்றால் கும்பகோணத்துக்குப் பக்கத்து நரசிங்கன்பேட்டை, வீணை என்றால் தஞ்சாவூர். எங்கள் கடைகளுக்கு வரும் பொருளில் பெரும்பகுதி கடலுக்கு அப்பால் இருந்துதான். போய்வரும் உறவினரிடம், உங்களுடைய வாத்தியம் என்று சொல்லி ஒன்றிரண்டு கொண்டுவாருங்கள் என்று கேட்பது பலர் செய்வது. விற்பனைக்குக் கொண்டுவரும் பொருளைச் சொந்தப் பாவனைப் பொருள் என்று சொன்னால் சுங்கத்தில் பறிபோகலாம், கொண்டுவந்தவர் அவமானப்படலாம். அதற்குப் பதிலாகக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஏற்கனவே முறைப்படி இறக்குமதி செய்யும் மொத்த வியாபாரியிடம் எடுங்கள். உங்கள் இலாபம் குறையும், உண்மைதான். ஆனால் ஒரு வீணை வழியில் வெடித்து வந்தால் அந்த நட்டம் உங்களுடையதல்ல. எடுக்கும்போது அங்கேயே உறையைக் கழற்றி, குடத்தையும் தண்டியையும் தட்டிப் பாருங்கள். லொறியில் ஏற்ற முன்னர் தந்திகளைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

பாடசாலைக்கும் கோயிலுக்கும் விற்பது

பெரிய விற்பனை நிறுவனங்களுக்குத்தான் நடக்கும். பாடசாலை ஒன்று ஐந்து மிருதங்கம் வாங்கலாம். அதற்குக் குறைந்தது மூன்று கடைகளின் விலைக்கூறல் கேட்பார்கள். பதிவுசெய்த வியாபாரப் பெயரும், வங்கிக் கணக்கும், கடையின் பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டும் இருக்க வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவுக்கான படிவத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். பிரதேச சபையின் அனுமதியும் வரியும் தனியானவை. விறாந்தையில் தொடங்கினாலும் பதிவை முதல் வருடத்திலேயே செய்துவிடுங்கள். அரசாங்கத்தின் கணக்கு வருடம் மார்கழியில் முடிவதால், ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்க வருடக் கடைசியில் அவசரம் வரும். அப்போது பதிவில்லாத கடையைத் தாண்டி உத்தரவு நகரத்துக்குப் போய்விடும்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் பாடசாலைக்கு வாத்தியம் அன்பளிப்புச் செய்வதும் உண்டு. அவர்கள் சென்னையிலோ கொழும்பிலோ மொத்தமாக வாங்கி அனுப்பிவிடுவார்கள். ஊர்க் கடைக்காரருக்கு அடுத்த வருடம் அதைத் திருத்தும் வேலை மட்டும் வரும். கோபப்பட்டுப் பயனில்லை. அதிபரிடம் போய், அடுத்த முறை அன்பளிப்பில் திருத்தச் செலவுக்கும் ஒரு பங்கு கேளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். இதற்கு மறுப்புச் சொன்ன அதிபர்களைக் காண்பது அரிது.

கோயில் பரிபாலன சபைகள் திருவிழா முடிந்து தருவோம் என்பார்கள். திருவிழா முடியும், கணக்கு முடியாது. பொருளின் விலையை முன்னுக்கு வாங்கிக்கொண்டு, கைக்கூலியை மட்டும் பிறகு வாங்குவது ஒரு நடுவழி. அப்படிச் செய்தால் கடன் நிலுவையில் நின்றாலும் தோல் வாங்கிய காசு உங்கள் கையில் இருக்கும். கடன் கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் வாங்கியவரின் கையெழுத்து இருக்கட்டும், சொந்தக்காரராக இருந்தாலும்.

சொந்தக்காரர் என்றதும் இன்னொன்று. சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் அண்ணர் கடைக்குக் காசு அனுப்புகிறார் என்றால், அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று அன்றைக்கே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது முறையல்ல என்று தோன்றும். ஐந்து வருடம் கழித்து அண்ணர் விடுமுறையில் வந்து கடையைப் பார்த்து, என்னுடைய கடை எப்படிப் போகிறது என்று கேட்கும்போது அதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

செய்து பார்க்க

கடன் விண்ணப்பம் எழுத முன்னர் மூன்று கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் இருக்கும் பாடசாலைகள், சங்கீத ஆசிரியர்கள், மேளக்காரர், கோயில்கள், தேவாலயங்கள், கூத்துக்காரர் எல்லோரிடமும் போங்கள். எதையும் விற்கப் போக வேண்டாம். நான்கு கேள்வி மட்டும் கேளுங்கள். என்னென்ன கருவி இருக்கிறது? அதில் எது பழுதாகக் கிடக்கிறது? கடைசியாக எங்கே திருத்தினீர்கள்? எவ்வளவு கொடுத்தீர்கள்? ஒவ்வொரு இடத்துக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சும்மா கிடக்கும் மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்து, எத்தனை கட்டை, எந்தத் தோல் போயிருக்கிறது என்றும் எழுதுங்கள்.

மூன்று கிழமை முடிந்ததும் பழுதான கருவிகளை எண்ணுங்கள். பத்துக்குக் குறைவாக இருந்தால், தந்தி, சீவாளி விற்பனையை வேறு ஒரு தொழிலோடு சேர்த்து நடத்துவது பற்றி யோசியுங்கள். தையலோடும் பாடசாலை உபகரணக் கடையோடும் அது நன்றாகப் பொருந்தும். முப்பதுக்கு மேல் இருந்தால் உங்களுக்கு முதல் வருட வேலை ஏற்கனவே காத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் என்றால் பழுதான கருவிகளின் சொந்தக்காரர்களில் யாருக்கு இந்த வருடம் திருத்தும் எண்ணமும் காசும் இருக்கிறது என்று இன்னொரு தடவை போய்க் கேளுங்கள். எங்கள் கள அலுவலரைச் சந்திக்க வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். விண்ணப்பப் படிவத்தை அதைப் பார்த்துத்தான் நிரப்புவோம்.